‘லேப்’ என்றால் தொடையா, மடியா?

கேள்வி | பிப்ரவரி 11, இரவு 8.15

மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். ஆங்கிலப் பயிற்சித்தாளில் பாட்டி படம், பாட்டி மேல் ஒரு பூனை. பூனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேள்வி. விடை ‘லேப்’. அதை எழுதிவிட்டுச் சும்மா இருக்காமல், அறிவியல் புத்தகத்தில் இருக்கும் மனித உடல் படத்தில் லேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் இருக்கிறது, தொடை இருக்கிறது, இடுப்பு இருக்கிறது. லேப் இல்லை. “தொடைக்கு இன்னொரு பேர்” என்று சொல்லி முடித்துவிட்டேன். சரிதானே?
(சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா)

பிப்ரவரி 11, இரவு 9.02

சரிதான். தொடையின் மேல்பக்கம். பிள்ளையைப் படுக்க வையுங்கள்.

பிப்ரவரி 11, இரவு 11.40

படுத்த பிறகு எழுந்து வந்து எழுதுகிறேன். மேலே சொன்னது தப்பு.

மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கு இரண்டு தொடை இருக்கிறது. லேப் இருக்கிறதா? இப்போது என் மேல் ஒரு பூனை ஏறினால் அது என் வயிற்றில் உட்காரும், காலில் உட்காரும். லேப்பில் உட்கார முடியாது. எழுந்து நின்றேன். அப்போதும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், வந்துவிட்டது. மறுபடி நின்றேன், போய்விட்டது. வீட்டுக்காரம்மா விளக்கைப் போட்டு, நடு ராத்திரியில் என்ன தோப்புக்கரணம் என்று கேட்டாள். “லேப் தேடுகிறேன்” என்றேன். அடுப்படி மேசையில் கிடந்த கைன் லாப்பை, மேசை துடைக்கிற துணியை, எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆக, தங்கச்சி, உங்கள் மகள் தேடுவது படத்தில் கிடைக்காது. அந்தப் படத்தில் ஆள் நின்றுகொண்டிருக்கிறான். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு பலகை மாதிரி இடம் உண்டாகிறதே, அதுதான் லேப். எழுந்தால் அழிந்துவிடும். விரலை மடக்கினால் முட்டி, விரித்தால் முட்டி போச்சு, அந்த மாதிரி.

பிப்ரவரி 12, காலை 6.10

தமிழில் என்னவென்று சொல்லாமலே விட்டேன். மடி. அவ்வளவுதான். “பாட்டி மடியில் பூனை” என்றால் பிள்ளைக்கு உடனே புரிந்திருக்கும். நீங்களும் நானும் ஏன் தொடைக்குப் போனோம் என்றுதான் தெரியவில்லை. ஆங்கிலம் என்றதும் கைகால் எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடுகிறது.

பிப்ரவரி 12, பகல் 1.25

ஆறாங்கட்டை அண்ணன் கேட்டிருக்கிறார்: “நான் போன வாரம் லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், அது எந்த லேப்?” அண்ணே, அது ஆய்வுக்கூடம். அதன் கடைசி எழுத்து வேறு, உச்சரிப்பும் வேறு. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப்தான், நம் வாயிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு படித்தால் இரண்டு லேப்பும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

பிப்ரவரி 12, இரவு 10.30

மடியைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு வேறு ஒன்றிலும் மனம் போகவில்லை. இது கொஞ்சம் நீளும்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தாள். பொழுது விடியும் முன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன் என்னைக் கைலியில் சுற்றித் தூக்கிப்போய் ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு ஓடுவாள். எங்கள் ஆயாவுக்கு ஒரு மடி, பிள்ளைகள் இருபதுக்கு மேல். தொங்குகிற தொட்டிலில் குட்டிகள் கிடக்கும். நடக்கத் தெரிந்த நாங்கள் ஆயா எப்போது உட்காருவாள் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். ஆயா பலகையில் உட்கார்ந்த அந்த நிமிஷம் மடி திறக்கும். இரண்டு பேர் வசதியாக உட்காரலாம். மூன்றாவது ஆள் முழங்கால் முனையில் தொற்றிக்கொள்ள வேண்டும். கஞ்சி பொங்குகிற சத்தம் கேட்டால் ஆயா “ஏய்” என்று எழுந்துவிடுவாள். மூன்று பேரும் சறுக்கிக்கொண்டு தரையில். நேற்று ராத்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்ததெல்லாம் எனக்கு ஐந்து வயதிலேயே தெரிந்த பாடம்தான். மறந்திருந்தேன்.

ஆனால் அம்மாவின் மடி அப்படி இல்லை. இதுதான் இன்று பகலெல்லாம் என்னைக் குழப்பியது. மத்தியானம் என்னைக் கூப்பிட வருவாள். வாசலில் நின்றுகொண்டே இருப்பாள், உட்கார மாட்டாள், உட்கார்ந்தால் எழ முடியாது என்பாள். நான் ஓடிப்போய் “மடியில என்ன?” என்று கேட்பேன். இடுப்பில் சொருகியிருந்த துணியை அவிழ்த்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுப்பாள். ஒட்டுப்பால் வாடை அடிக்கும். அந்த நாற்றத்தோடுதான் தின்பேன். நின்றுகொண்டிருக்கிற அம்மாவுக்கும் மடி இருந்தது.

அப்படியானால் எழுந்தால் அழிந்துவிடும் என்று நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதினேனே, அது லேப்புக்குப் பொருந்தும். மடிக்குப் பாதிதான் பொருந்தும். மடி என்பது முதலில் மடிப்பு, துணி மடிப்பு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்கிறோமே, அதில் உட்கார்ந்தவன் யாரும் இல்லை, நடந்து போகிறவன்தான் இருக்கிறான். மடிப்பிச்சை கேட்கிறவள் முந்தானையை ஏந்தி நிற்கிறாள். வளைகாப்பில் மடி நிரப்புகிறார்கள். எல்லாம் துணி.

பிப்ரவரி 13, காலை 7.00

ஒருவர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: “மாட்டு மடி?” ஆமாம், அதுவும் மடிதான், பால் மடி. மாடு நின்றாலும் இருக்கும்.

பிப்ரவரி 13, இரவு 9.45

அகராதியைப் புரட்டினேன். முந்தாநாள் எழுதியதை இன்னொரு முறை திருத்த வேண்டியிருக்கிறது.

லேப்பும் முதலில் துணிதான்! பழைய ஆங்கிலத்தில் ‘லேப்பா’ என்று இருந்த சொல்லுக்கு ஆடையின் தொங்கும் ஓரம், மடல் என்று பொருள். பிறகு பாவாடையின் முன்பகுதி, அதில் எதையாவது அள்ளிப் பிடிக்கும் மடிப்பு. அதற்கும் பிறகுதான் அந்தத் துணிக்கு அடியில் இருக்கிற இடம். கோட்டின் கழுத்தோரம் மடங்கி நிற்பதை ‘லேப்பல்’ என்கிறார்களே, அது இதன் பிள்ளை. ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் ‘ஓவர்லேப்’, அதுவும் இந்தக் குடும்பம். ஆக இரண்டு மொழியும் துணியில் ஆரம்பித்து உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலம் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டது. நாம் இன்னும் சொருகி வைத்திருக்கிறோம்.

இதைவிட ஒரு வேடிக்கை. டச்சு மொழியில் ‘லப்’ என்றால் துணித்துண்டு, கந்தல். ஆங்கில லேப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அந்த டச்சுச் சொல்தான் மலாயில் துடைக்கிற ‘லாப்’ ஆனது. அன்று ராத்திரி லேப் தேடிய எனக்கு என் வீட்டுக்காரம்மா கைன் லாப்பைக் கொடுத்தது சரியான விடைதான். அவளிடம் சொன்னேன். “அப்ப அதை வச்சு மேசையைத் துடைங்க” என்றாள்.

பிப்ரவரி 14, மதியம் 12.50

ஓவர்லேப் என்றதும் கூரை ஞாபகம் வந்துவிட்டது. வீட்டின் பின்பக்கத்துக்குத் தகரம் போட ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தேன். “லேப் ஆறு அங்குலம் விடுறேன் அண்ணே” என்று வாய் நிறையச் சொன்னான். மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் எவ்வளவு படிகிறது என்பதைத்தான் லேப் என்கிறார்கள். முதல் பெருமழையிலேயே அடுப்படியில் வாளி வைத்தோம். ஏறிப் பார்த்தால் இரண்டு அங்குலம்தான் படிந்திருந்தது. காற்றோடு அடிக்கிற மழை அந்தச் சந்தில் ஏறி உள்ளே வந்துவிடும். மிச்சம் பிடித்த தகரத்தில் அவன் யார் வீட்டுக்குக் கூரை போட்டானோ.

லேப் என்ற சொல்லை அதற்கு முன்பே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், பாட்டி மடியும் கூரைத் தகரமும் ஒரே சொல் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பிப்ரவரி 14, இரவு 11.15

ஓட்டப்பந்தய லேப் என்னாச்சு என்று கேட்ட தம்பிக்கு: அதுவும் சுற்றுதல், மடித்தல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். புறப்பட்ட இடத்துக்கே வந்து பாதை தன்மேல் படிகிறது. பள்ளித் திடலில் 400 மீட்டர் ஒரு லேப், 10,000 மீட்டருக்கு 25. செப்பாங்கில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், பார்முலா ஒன்னுக்கு 56 லேப். அந்தப் பந்தயம் 1999இல் இங்கே வந்து 2017உடன் நின்றுபோனது. என் மகன் ஒரு வருஷம் போய்விட்டு வந்து இரண்டு நாள் காது கேட்காமல் திரிந்தான்.

நாய் தண்ணீரை நக்கிக் குடிப்பதும் லேப். மடியில் வளர்க்கிற நாய்க்கு லேப்டாக் என்று பேர் வந்தது அது நக்குவதால்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 15, காலை 6.30

கடைசி வரியை அழித்துவிடுங்கள். நக்குகிற லேப் வேறு சொல், வேறு வேர். லேப்டாக் மடியில் உட்காருவதால்தான் லேப்டாக். தூக்கக் கலக்கத்தில் எழுதக் கூடாது.

பிப்ரவரி 15, இரவு 9.20

மலாய்ப் பக்கம் போகாமல் இந்த ஊரில் எந்தச் சொல்லும் முடியாது. மடிக்கு அவர்கள் ‘ரிபா’ என்பார்கள். ‘கொம்புட்டர் ரிபா’ என்று கடை வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், நம் மடிக்கணினி. லேப்டாப்பைத் தமிழனும் மடியில் வைத்தான், மலாய்க்காரனும் மடியில் வைத்தான்.

ஆனால் வட்டிக்கும் ரிபா! அது அரபுச் சொல். இஸ்லாமிய வங்கி என்று இங்கே 1983இல் ஆரம்பித்தார்களே, அதன் அடிப்படையே ரிபா கூடாது என்பதுதான். எழுத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. என் பெரியப்பா மகன் முதன்முதலில் கடையில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, “தவணையில வாங்கினா வட்டி போடுவான்னு வெளிப்படையாவே எழுதியிருக்கான், நல்ல கடைக்காரன்” என்றார்.

பிப்ரவரி 16, மாலை 5.40

நாசி லெமாக் வாங்கும்போது கடை மக்சிக்கிடம், அந்த மலாய் அம்மாவிடம், இதைச் சொன்னேன். சிரித்துவிட்டுத் திருத்தினார். மடி ரிபாவின் கடைசி எழுத்தை வாயை முழுக்கத் திறக்காமல், அரைகுறை ‘அ’வாக விட வேண்டுமாம். வட்டி ரிபாவுக்கு வாயைத் திறந்து நன்றாக ‘ஆ’ என்று முடிக்க வேண்டுமாம். வட்டி என்றால் வாயைப் பிளக்கத்தானே வேண்டும். ஐம்பது வருஷமாக இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். லேப் விஷயத்தில் ஆறாங்கட்டை அண்ணனைக் கிண்டல் பண்ணியதற்கு இது தண்டம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மடியில் ஏந்துவது ‘பங்கு’. அதிலிருந்து வந்ததுதான் ‘பெமாங்கு’. அட! தற்காலிகமாகப் பொறுப்பு வகிக்கும் அதிகாரிக்கு முன்னால் போடுவார்களே, அந்தப் பெமாங்கு. பள்ளிக்குத் தலைமையாசிரியர் இல்லாதபோது பெமாங்கு குரு பெசார் வருவார். பிள்ளையைப் பெற்றவர் வரும் வரை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறவர். எங்கள் ஆயாவுக்கு இந்தப் பட்டம் யாரும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 17, இரவு 10.05

மடிக்கணினி என்றதும் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. இரண்டு வருஷம் முன்னால் லாரிக் கம்பெனிக் கணக்கை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாரம் கட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, பெயருக்கு மரியாதை கொடுத்து அதை மடியிலேயே வைத்துத் தட்டுவேன். நாலைந்து மாதத்தில் இடது தொடையில் வலை பின்னின மாதிரி செம்பழுப்புக் கோடுகள். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஒரு கிளினிக்கில் படை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். ஒரு மாதம் பூசினேன். இரண்டாவது டாக்டர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி: “லேப்டாப்பை எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள்?” மிதமான சூடு நாள்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் இப்படி ஆகுமாம். முன்காலத்தில் கணப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கிழவர்களுக்கு வந்தது, இப்போது கம்ப்யூட்டர்காரர்களுக்கு வருகிறதாம். மேசைக்கு மாற்றினேன், மெல்ல மெல்ல மங்கியது. இன்னும் லேசாகத் தடம் இருக்கிறது.

அந்த ஜாமானுக்குப் பெயர் வைத்தவனைத்தான் திட்ட வேண்டும். ஆனால் அதற்கு முன்னோடி இன்னும் மோசம். 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1, தூக்கிக்கொண்டு போகலாம் என்று விற்ற கம்ப்யூட்டர், ஏறக்குறைய 11 கிலோ. ஒரு மூட்டை அரிசி மடியில் வைத்த மாதிரி.

பிப்ரவரி 18, காலை 8.15

தேவாலயத்துக்குப் போகிற ஒரு சகோதரி இரண்டு வசனம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நீதிமொழிகள் 16:33, சீட்டு மடியிலே போடப்படும் என்று. அந்தப் பழைய ஆங்கிலப் பைபிளிலும் அங்கே லேப்தான். லூக்கா 6:38இல் நன்றாய் அளந்து உங்கள் மடியிலே போடுவார்கள் என்று தமிழில் இருக்கிறது, பழைய ஆங்கிலத்தில் மார்பு என்று இருக்கிறது, பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில் லேப் வந்துவிட்டது. தானியம் அளந்து போடுகிற இடம் துணி மடிப்பாகத்தான் இருக்க வேண்டும். மார்பில் யாரும் கோதுமை வாங்க மாட்டார்கள். இந்த இடத்தில் தமிழ்க்காரர் முந்திக்கொண்டார்.

நான் என் பங்குக்குத் திருக்குறள் 603. “மடிமடிக் கொண்டொழுகும் பேதை பிறந்த / குடிமடியும் தன்னினும் முந்து.” சோம்பலை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவன் குடும்பம் அவனுக்கு முன்னால் அழியும். மடி என்றால் சோம்பல், மடி என்றால் மடி, மடிதல் என்றால் சாவு, மூன்றையும் ஒரே குறளில் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 18, இரவு 9.50

மு.வ. உரையைப் பார்த்தேன். நான் சொன்ன மடி அதில் இல்லை. அழிக்கும் இயல்புள்ள சோம்பலைத் தன்னிடம் கொண்டிருப்பவன் என்றுதான் போகிறது. நான்காம் படிவத்தில் வாத்தியார் இடுப்பைத் தட்டிக் காட்டி “மடியில கட்டிக்கிட்டு” என்று சொன்னது என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. உரை சரியாக இருக்கட்டும். எனக்கு இன்னமும் வாத்தியார் சொன்னதுதான் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 20, இரவு 8.30

நடுவில் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. அவன் தாய்மாமன், அதாவது தங்கை மகன், வேலை நிமித்தம் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டான். யார் மடியில் பிள்ளையை வைப்பது என்று பெரிய பேச்சு. கடைசியில் தாத்தா முறைக்கு நான் உட்கார்ந்தேன். பெமாங்கு தாய்மாமன். தட்டான் கம்பியைக் கையில் எடுத்ததும் பயல் என் பட்டு வேஷ்டியிலேயே போய்விட்டான். எழுந்து ஓடவும் முடியாது, எழுந்தால் மடி இல்லை, மடி இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. இரண்டு காதும் முடிகிற வரை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது காரில் அவனை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். மருமகள் விடவில்லை. 2020 ஜனவரி 1 முதல் பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்றாள். சரிதான், அவள் சொல்வது நியாயம். வண்டி மோதினால் கையால் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. நாங்கள் எல்லாரும் மடியிலும், மடிக்கு மேல் மடியிலுமாக ஒரே மோரிஸ் மைனரில் ஈப்போ கல்லுமலைக்குப் போய்வந்தவர்கள். ஆகாய விமானத்தில் மட்டும் இரண்டு வயதுக்குக் கீழே இன்னும் மடிதான் சீட்டு.

பிப்ரவரி 21, காலை 7.40

ஆங்கிலத்தில் கைக்குழந்தையை மடியில் வைக்க ஒரு சொல் இருக்கிறது. இடுப்பில் சாய்த்துத் தூக்கி வைக்கிற இடத்துக்கு, நம் ஒக்கலுக்கு, ஒரு தனிச் சொல்லாவது இருக்கிறதா? இடுப்பு என்றுதான் அவர்களும் சொல்லி ஒப்பேற்றுகிறார்கள். மரம் வெட்டின கையோடு, ஒரு பக்கம் வாளி, ஒக்கலில் பிள்ளை, மடியில் பிஸ்கட் என்று நடந்து வருகிறவளை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள் பார்ப்போம்.

‘கடவுள்களின் லேப்பில் இருக்கிறது’ என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தேன், நம் கையில் இல்லை என்று அர்த்தம். அதுவும் ஹோமரின் கிரேக்கத்தில் முழங்கால்தான், ‘தெய்வங்களின் முழங்காலில்’. மூன்றாவது பிள்ளை உட்காருகிற இடம்.

பிப்ரவரி 22, இரவு 8.05

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்பி வந்திருக்கிறார். பயிற்சித்தாளுக்கு முழு மதிப்பெண். மகள் அறிவியல் புத்தகத்தில் நின்றுகொண்டிருந்த ஆளின் பக்கத்தில் பென்சிலால் ஒரு நாற்காலி வரைந்து வைத்திருக்கிறாளாம். ஆசிரியர் கேட்டதற்கு, “இவரை உட்கார வைத்தால்தான் லேப் வரும்” என்றாளாம். என்னைவிட ஒரு ராத்திரி முன்னதாகவே கண்டுபிடித்திருப்பாள் போலிருக்கிறது, நாம்தான் தொடை என்று சொல்லிக் கெடுத்தோம்.

இந்த வாரப் பயிற்சித்தாளில் ‘ஷின்’ வந்திருக்கிறதாம். அதற்குத் தமிழில் என்ன என்று கேட்கிறார்.

பிப்ரவரி 22, இரவு 8.09

கணைக்கால். பிள்ளையைப் படுக்க வையுங்கள்.